பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள்

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் வணிகவியல் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். என் வகுப்பில் 58 பேர். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலை, இல்லையென்றால் ஊரில் கூலி வேலை. நிதி விழிப்புணர்வு வகுப்புக்கு இந்த ஆண்டு ஆறு மணி நேரம் ஒதுக்கி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். போன ஆண்டு வெளியிலிருந்து ஒருவரை அழைத்து மியூச்சுவல் ஃபண்ட், எஸ்ஐபி பற்றிப் பேசவைத்தோம். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அதே ஆண்டில் மூன்று பையன்கள் லோன் ஆப்பில் மாட்டினார்கள். ஒருவனுடைய கணக்கைப் போலீஸ் முடக்கியது. ஒரு பெண்ணுக்கு அரசின் புதுமைப் பெண் உதவித்தொகை ஐந்து மாதமாக வரவில்லை, ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பணம் வந்தாலும் வீட்டில் வாங்கிக்கொள்கிறார்கள் என்று சில மாணவிகள் சொல்கிறார்கள். ஆறு மணி நேரத்தில் எதைச் சொல்லிக் கொடுப்பது? – ஒரு வாசகி

பதில்:

வணக்கம் மேடம். பிள்ளைகள் தூங்கியதில் ஆச்சரியமில்லை. மாதம் 1,000 ரூபாயில் ரீசார்ஜ், ஜெராக்ஸ், மதியச் சாப்பாடு, தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் ஓட்டுகிற பிள்ளைக்குச் சிக்கனத்தைப் பற்றி நாம் பாடம் எடுக்க ஒன்றுமில்லை. அவர்கள் தடுமாறுவது காகிதத்தில். பாஸ்புக்கில் ஒரு வரி, வங்கியில் ஒரு படிவம், ஆப்பில் ஒரு 'சம்மதம்' பொத்தான், நகைக் கடன் சீட்டின் பின்பக்கம். அப்பா அம்மா வங்கியில் வேலை பார்த்திருந்தால் சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழுந்திருக்கும் விஷயங்கள் இவை. இவர்கள் வீட்டில் அதைச் சொல்ல ஆளில்லை. நீங்கள் எழுதிய சிக்கல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு காகிதம் இருக்கிறது, கவனித்தீர்களா? ஆறு மணி நேரத்தையும் அதற்கே கொடுங்கள். முதலீடு இரண்டாம் ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வகுப்புக்கு எல்லோரையும் புதிதாகப் பதிவு போட்ட பாஸ்புக்கோடு வரச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை. பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிப் பார்க்கச் சொல்லாதீர்கள். எந்தத் துறையிலிருந்து உதவித்தொகை வருகிறது என்ற வரியை வைத்தே ஒருவரின் சாதியைத் தெரிந்துகொள்ளலாம். வீட்டு நிலைமையும் தெரிந்துவிடும். பெயர், எண்கள் மாற்றிய மாதிரிப் பக்கம் ஒன்றை நீங்களே தயாரித்து ஜெராக்ஸ் கொடுங்கள். வகுப்பில் அதைப் படிக்கட்டும். தன் பாஸ்புக்கைத் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும். ஆதார், பாஸ்புக் படங்களை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லும் பழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. உங்கள் கல்லூரியிலும் இருந்தால் இந்த வாரமே நிறுத்துங்கள்.

இப்போது அந்த ஐந்து மாதப் பெண்ணின் விஷயம். புதுமைப் பெண், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் இரண்டிலும் பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. இந்த வகை நேரடிப் பணம் (டிபிடி) பெரும்பாலும் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்ற பட்டியல் ஒன்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்திடம் (என்பிசிஐ) இருக்கிறது. ஓர் ஆதாருக்கு அதில் ஒரு வங்கிக்குத்தான் இடம், கடைசியாக எந்த வங்கி ஏற்றியதோ அதற்கு. இங்கேதான் குழப்பம். வங்கியில் ஆதார் நகல் கொடுத்து 'இணைத்தாச்சு' என்று சொல்லியிருப்பார்கள். அது அடையாளச் சான்றுக்கான இணைப்பு. பணம் வருவதற்கான இணைப்புக்குத் தனியாகச் சம்மதக் கடிதம் கொடுத்திருக்க வேண்டும். அதற்கு 'ஆதார் சீடிங்' என்று பெயர். கவுன்ட்டரில் 'லிங்க் ஆகியிருக்கா?' என்று கேட்டால் ஆமாம் என்பார்கள், அவர்கள் சொல்வதும் உண்மைதான். 'டிபிடிக்கு சீடிங் ஆகியிருக்கா, ஆக்டிவ்வா இருக்கா?' என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள்.

வங்கிக்குப் போவதற்கு முன் ஆதார் ஆணையத்தின் 'மைஆதார்' தளத்தில் ஓடிபி போட்டு நுழைந்து, வங்கி இணைப்பு நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வங்கியின் பெயரும், இணைப்பு நடப்பில் இருக்கிறதா என்பதும் வரும். அடிக்கடி கண்ணில் படுவது இது: பெண் எங்கேயோ செல்போன் கடையில் 'பத்து நிமிஷத்தில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு' என்று ஒன்று திறந்திருப்பாள், அந்த வங்கி ஆதாரைத் தன் பக்கம் ஏற்றிக்கொண்டிருக்கும். பணம் மாதாமாதம் அங்கே போய்க்கொண்டிருக்கும், இவள் பழைய பாஸ்புக்கைப் பதிவு போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படியென்றால் பணம் தொலையவில்லை. இணைப்பே நடப்பில் இல்லை என்று வந்தால், சீடிங் படிவம் கொடுத்து, நடப்புக்கு வந்ததைத் தளத்தில் மறுபடி பார்த்துவிட்டு, கல்லூரியில் இத்திட்டத்தைப் பார்க்கும் நோடல் அலுவலரிடம், பணம் திரும்பிய மாதங்களின் விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே நகராவிட்டால் புதுமைப் பெண்ணுக்கு மாவட்ட சமூக நல அலுவலகம்.

இணைப்பு சரியாக இருந்தும் பணம் நிற்கும். அதற்கு மாதிரிப் பக்கத்தை வைத்துக்கொண்டு இன்னும் நான்கு காரணங்களைச் சொல்லுங்கள். பள்ளியில் படிக்கும்போது அம்மாவைக் காப்பாளராகப் போட்டுத் திறந்த கணக்கு, 18 வயது முடிந்ததும் புதிய கையெழுத்தும் கேஒய்சி எனப்படும் அடையாள, முகவரிச் சான்றுகளும் கொடுக்காவிட்டால் செயல்படாமல் நின்றுவிடும். முதலாம் ஆண்டில் பாதிப் பேருக்கு இந்த ஆபத்து உண்டு, ஏனென்றால் பிறந்தநாள் முதல் செமஸ்டரில்தான் வருகிறது. இரண்டாவது, முழு ஆவணங்கள் இல்லாமல் திறந்த 'சிறு கணக்கு'. அதில் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது, ஓராண்டில் மொத்த வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது, மாதம் 10,000 வரைதான் எடுக்க முடியும். பெரிய உதவித்தொகை ஒன்று வந்து, அதை எடுக்கப் போகும்போதுதான் இந்த வரம்பு தெரியவரும். ஆதாரோடு முழு கேஒய்சி கொடுத்துச் சாதாரண அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. அதற்கும் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. மூன்றாவது, இரண்டு ஆண்டுகள் வாடிக்கையாளர் எதுவும் செய்யாமல் விட்டு 'செயலற்றது' ஆகிவிட்ட கணக்கு. இதை உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

நான்காவது நம் ஊருக்கே உரிய தொல்லை, இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் 'எம். கவிதா', ஆதாரில் 'கவிதா முருகன்', பாஸ்புக்கில் 'கவிதா எம்'. மனிதக் கண்ணுக்கு மூவரும் ஒருத்தி. கணினிக்கு மூன்று பேர். பள்ளிச் சான்றிதழை மாற்றுவதுதான் இருப்பதிலேயே கடினம். அதனால் அதில் உள்ளபடியே ஆதாரையும், ஆதாரில் உள்ளபடி வங்கியையும் மாற்றுவதுதான் சுருக்க வழி. இந்த வரிசையைப் பலகையில் எழுதிப் போடுங்கள். வரிசை மாறினால் இரண்டு முறை அலைய வேண்டும்.

செல்போன் எண்ணையும் கேளுங்கள். கணக்கில் இருப்பது யாருடைய எண்? அண்ணனுடையது, எதிர்வீட்டுக்காரருடையது, ரீசார்ஜ் போடாமல் விட்டுப்போன பழைய சிம் என்று பதில்கள் வரும். மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தாத சிம் துண்டிக்கப்பட்டு, அந்த எண் வேறு யாருக்காவது போய்விடும். அப்புறம் ஓடிபியும் அவருக்குத்தான் போகும்.

இரண்டாவது வகுப்பில் வருகிற பணம் எல்லாம் கைச்செலவுக்கு அல்ல என்பதைச் சொல்லுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வீட்டு ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். அதில் ஆதிதிராவிட மாணவர்களுக்கு மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு நேரடியாக மாணவரின் கணக்குக்கு வருகிறது. அந்தத் தொகைக்குள் கல்லூரிக்குச் செலுத்த வேண்டிய கட்டணமும் அடக்கம். வீட்டில் அது தெரியாது. 'கவர்மென்ட் பிள்ளைக்குப் பணம் போட்டிருக்கு' என்று கூரைக்கு ஷீட் வாங்கிவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்துக் கல்லூரி கட்டணம் கேட்கும், ஹால் டிக்கெட் நிற்கும். உங்கள் கல்லூரியில் கட்டணம் குறைவு, அதனால் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரியாது. ஆனால் இதே பிள்ளைகள் பி.எட்., எம்பிஏ என்று தனியார் கல்லூரிக்குப் போகும்போது, தம்பி பொறியியலுக்குப் போகும்போது கண்டிப்பாக வரும். பணம் வந்த அன்றைக்கே கல்லூரி அலுவலகத்தில் 'இதில் எவ்வளவு உங்களுக்கு, எவ்வளவு எனக்கு?' என்று கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள். கட்டிய ரசீதைப் படம் பிடித்து வைக்கட்டும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். போன வருடத்துச் சான்றிதழை வைத்துக்கொண்டு கடைசித் தேதியன்று இ-சேவை மையத்தில் நிற்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு, ஆகவே விண்ணப்பம் திறக்கும் முன்பே வாங்கிவிட வேண்டும்.

வீட்டில் வாங்கிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இதைக் குற்றமாக வகுப்பில் பேசாதீர்கள். அம்மாவுக்குக் குழுக் கடன் தவணை தேதியில் கொடுத்ததைத் தப்பு என்று எந்த வாத்தியார் சொன்னாலும் அந்தப் பிள்ளை அப்புறம் வாய் திறக்காது. ஆனால் முழுப் பணமும் போய்விட்டால் தேர்வுக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும், அதுவும் உண்மை. ஒரு நடைமுறை வழி இருக்கிறது. பணம் வரும் அதே வங்கியில், மாதம் 300 அல்லது 400 ரூபாய்க்கு, ஆறு மாதம் அல்லது ஓராண்டு ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) ஒன்று தொடங்கட்டும். அதில் கிடைக்கும் வட்டி மிகச் சொற்பம், அதற்காக இதைச் சொல்லவில்லை. வீட்டில் 'தரமாட்டேன்' என்று சொல்ல முடியாத பெண்ணால் 'அது ஆர்டியில போயிடுச்சும்மா' என்று சொல்ல முடியும். நிஜமான அவசரம் வந்தால் இடையில் உடைக்கலாம், வட்டி கொஞ்சம் குறையும், அசல் போகாது. அஞ்சலக ஆர்டி நல்ல திட்டம்தான், ஆனால் ஐந்து ஆண்டுக்கானது. தேர்வுக் கட்டணத்துக்குப் பொருந்தாது. ஏடிஎம் கார்டும் பின் எண்ணும் அண்ணன் கையில் இருக்கிறதா என்பதையும் மாணவிகளிடம் தனியாகக் கேளுங்கள்.

மூன்றாவது வகுப்பு வட்டி. இங்கே உங்கள் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தண்டலிலிருந்து தொடங்குங்கள். வகுப்பில் பாதிப் பேர் வீட்டுக்குத் தண்டல்காரர் வருவார். 10,000 ரூபாய் தண்டல் என்றால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார். தினம் 100 ரூபாய், 100 நாள். வட்டி எவ்வளவு என்று கேளுங்கள். 15 சதவீதம் என்பார்கள். பலகையில் போடுங்கள். முதல் நாள் கையில் 8,500, கடைசி நாள் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சராசரியாகப் பார்த்தால் 100 நாளும் கையில் இருந்தது 4,250 ரூபாய்தான். அதற்கு வட்டி 1,500, அதாவது 100 நாளுக்கு 35 சதவீதம். ஆண்டுக்கு நீட்டினால் 125-ஐத் தாண்டுகிறது. எக்செலில் துல்லியமாகப் போட்டால் 121 சதவீதம் வரும். வகுப்புக்குத் தோராயமே போதும். இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் 'பிடித்தம்', 'பிராசஸிங் ஃபீஸ்' என்ற சொற்கள் எங்கே வந்தாலும் அவர்கள் கண் நிற்கும்.

அடுத்து அடகுக் கடை. அங்கே 'ரெண்டு வட்டி', வங்கி நகைக் கடனில் '9 பர்சென்ட்'. இரண்டு, ஒன்பதை விடக் குறைவு என்று அடகுக் கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், சிரிக்க வேண்டாம். ரெண்டு வட்டி என்பது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24. வங்கி சொல்வது ஆண்டுக்கு. ஊரில் வட்டியை மாதத்தில் பேசுகிறோம், காகிதத்தில் ஆண்டில் எழுதுகிறார்கள். இந்த ஒரு வேறுபாட்டை வீட்டில் போய்ச் சொன்னாலே அம்மாவின் கம்மல் வேறு இடத்துக்கு மாறும்.

செல்போன் தவணையையும் இதே இடத்தில் பாருங்கள். 20,000 ரூபாய் போன், 12 மாதம், '12 சதவீதம்தான்'. வட்டி 2,400, மாதம் 1,867. ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ முழு 20,000-க்கும் ஆண்டு முழுக்கப் போடப்பட்டிருக்கிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் 21 சதவீதத்துக்கு மேல். அதைவிடப் பெரிய ஆபத்து, தவணைக்கு எந்தக் கணக்கைக் கொடுத்தார்கள் என்பது. கடையில் உதவித்தொகைக் கணக்கைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருப்பான். ஐந்தாம் தேதி தவணை, கணக்கில் பணமில்லை, திரும்புகிறது. வங்கி ஒரு கட்டணம் போடும், கடன் நிறுவனம் ஓர் அபராதம் போடும். ஒரு தடவை திரும்பினால் வங்கிப் பக்கம் மட்டும் சில நூறு ரூபாய், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. கணக்கில் இல்லாத அந்தப் பணத்தை வங்கி குறித்துவைத்துக்கொண்டு, அடுத்து 1,000 ரூபாய் வந்ததும் எடுத்துக்கொள்ளும். 'தமிழ்ப் புதல்வன் பணம் பாதிதான் வந்துச்சு மேடம்' என்று வருகிறவர்களின் பாஸ்புக்கைப் பாருங்கள், பெரும்பாலும் இந்த வரி இருக்கும். திட்டப் பணம் வரும் கணக்கில், தானாகப் பணம் பிடிக்கும் எந்த ஆட்டோ டெபிட்டும் ஏற்றக் கூடாது. மேலே சொன்ன ஆர்டி ஒன்றுதான் விதிவிலக்கு.

லோன் ஆப். இதற்கு ஒரு முழு வகுப்பு வேண்டும், பயமுறுத்துவதற்காக அல்ல. மாட்டியவர்கள் வெளியே சொல்லாமல் இருப்பதுதான் நோயைப் பெரிதாக்குகிறது. முறை எப்போதும் ஒன்றுதான்: 5,000 அனுமதி, கையில் வருவது 3,200, ஏழு நாளில் 5,000 கட்ட வேண்டும். வாரத்துக்கு 56 சதவீதம். கட்ட முடியாது, அதைக் கட்ட இன்னொரு ஆப், அதற்கு இன்னொன்று. இதற்கிடையில் முதல் ஆப்பை நிறுவும்போதே தொடர்பு எண்கள், படங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தாயிற்று. ஒட்டு வேலை செய்த படத்தை மாமாவுக்கும் வகுப்புத் தோழிக்கும் அனுப்புவார்கள்.

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடனுக்கு வகுத்த விதிகளில் மூன்றை மட்டும் மனப்பாடம் செய்ய வையுங்கள். கடன் கொடுக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் கணக்கிலிருந்து பணம் நேராகக் கடன் வாங்குபவர் கணக்குக்கு வர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டியைக் காட்டும் முக்கிய விவரத் தாளை முன்கூட்டியே தர வேண்டும். தொடர்பு எண்கள், படங்கள், அழைப்பு விவரங்களை ஆப் தொடக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த ஆப்பைக் கீழே வைத்துவிட வேண்டும். ஒழுங்காகப் பதிவான கடன் ஆப்களின் பட்டியலை 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கியே தன் தளத்தில் போடுகிறது. பிளே ஸ்டோரில் இருக்கிறது என்பது சான்று ஆகாது.

ஏற்கெனவே மாட்டியவனுக்கு: ஆப்பை உடனே அழிக்க வேண்டாம். கடன் தொகை, கையில் வந்தது, கட்டியது, மிரட்டல் செய்திகள், வந்த எண்கள் எல்லாவற்றையும் படம் பிடித்த பிறகு, போன் அமைப்பில் போய் அனுமதிகளை நீக்கிவிட்டு, அதன்பின் அழிக்கட்டும். அடுத்த ஆப்பில் வாங்கி இதைக் கட்டக் கூடாது. 1930 என்ற எண்ணிலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகார் பதிவு செய்யட்டும். வீட்டாருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் 'என் பெயரில் படம் வரலாம், அது போலி' என்று ஒரு செய்தியை அவனே முந்திக்கொண்டு அனுப்பிவிட்டால் மிரட்டலின் பாதி பலம் போய்விடும். வீட்டில் இதைச் சொல்ல அவனுக்குத் துணைக்கு ஒரு பெரியவர் வேண்டும், பல நேரம் அது நீங்களாகத்தான் இருக்கும்.

முடக்கப்பட்ட கணக்கின் விஷயம் இன்னும் கவலைக்குரியது. நீங்கள் விவரம் எழுதவில்லை. ஆனால் கல்லூரி வாசலில் இப்போது நடப்பது இது: 'உன் அக்கவுன்ட்ட ஒரு மாசம் கொடு, பாஸ்புக், ஏடிஎம் கார்டு, புது சிம், அவ்வளவுதான், 5,000 தர்றோம்.' கேட்பது முன்பின் தெரியாதவர் இல்லை, பெரும்பாலும் சீனியர். எங்கேயோ ஒருவர் ஏமாந்து இழந்த லட்சங்கள் இந்தக் கணக்கு வழியாக ஒரே நாளில் நுழைந்து வெளியேறும். புகார் வந்ததும் போலீஸ் பின்தொடரும் சங்கிலியில் பெயர், முகவரி, ஆதாரோடு நிற்பது நம் மாணவன் மட்டும்தான். 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்றால் '5,000 எதற்கு வாங்கினாய்?' என்ற கேள்வி வரும். வேலைக்குப் போகும்போது காவல்துறைச் சரிபார்ப்பிலும் அது நிற்கும். இதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம், ஆனால் முதல் செமஸ்டரிலேயே சொல்ல வேண்டும். கூடவே இன்னொன்று: யுபிஐயில் பணம் பெற பின் எண் தேவையில்லை. 'ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, பின் போடு' என்று யார் சொன்னாலும் அது எடுப்பதற்குத்தான்.

கல்விக் கடனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், மேல்படிப்புக்குப் போகிறவர்களுக்கு வேண்டும். 4 லட்சம் வரை சொத்துப் பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கிடையாது. 'தவணை இல்லை' என்பதை 'வட்டி இல்லை' என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய பிழை. ஆண்டுக்கு 75,000 வீதம் நான்கு ஆண்டுகளில் 3 லட்சம் வாங்கி, 10 சதவீதத் தனிவட்டி என்று வையுங்கள். முதல் ஆண்டு வாங்கிய 75,000-க்கு ஐந்து ஆண்டு வட்டி 37,500. அடுத்தவற்றுக்கு 30,000, 22,500, 15,000. மொத்தம் 1,05,000. வேலை தேடும்போது கடன் 4,05,000 ஆகிவிடும். பத்தாண்டில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 5,350. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்திருந்தால் 3,965. முதல் ஆண்டு அந்த வட்டி மாதம் 625 ரூபாய்தான் என்பதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு அமைதி வரும், கவனியுங்கள். வட்டியை ஒழுங்காகக் கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் ஒரு சதவீதம் வரை குறைக்கும், கேட்டால்தான் சொல்வார்கள்.

ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியான தொழிற்படிப்புகளுக்கு, தவணை கட்ட வேண்டாத இந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உண்டு. வங்கிதான் அதைக் கோர வேண்டும். கடன் வாங்கும் அன்றே வருமானச் சான்றிதழைக் கொடுத்து, 'வட்டி மானியத்துக்கு என் பெயர் சேர்க்கப்பட்டதா?' என்று எழுத்தில் கேட்டு வைக்காவிட்டால் நாலு வருடம் கழித்து யாரையும் பிடிக்க முடியாது. கிளையில் விண்ணப்பத்தையே வாங்க மறுத்தால், கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் போடச் சொல்லுங்கள், பதிவு எண் கிடைக்கும். வங்கிக்கு எழுதிய புகாருக்கு 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம், உதவி எண் 14448.

மிச்சமுள்ள கடைசி வகுப்பில் வீட்டுக் காகிதம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள், பெயரை மறைத்துவிட்டு. நகைக் கடன் சீட்டு, குழுக் கடன் அட்டை, அப்பாவின் பாஸ்புக், எதுவானாலும். அந்த வீட்டில் ஆங்கிலக் கடிதம் வந்தால் படிக்கக் கொடுப்பது இந்தப் பிள்ளையிடம்தான். நகைக் கடன் பெரும்பாலும் ஓராண்டு. முடியும் தேதியைத் தாண்டினால் ஏல அறிவிப்பு வரும், வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்க வழி உண்டா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். அப்பாவின் பாஸ்புக்கில் ஆண்டுக்கொரு முறை 20 ரூபாய், 436 ரூபாய் என்று பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். முதலாவது விபத்துக் காப்பீடு, இரண்டாவது ஆயுள் காப்பீடு, ஒவ்வொன்றும் 2 லட்சம். பிடித்தம் போவது தெரியாததால் அப்பா இறந்த பிறகும் அந்தப் பணத்தைக் கேட்காத குடும்பங்கள் இருக்கின்றன. நாமினி யார் என்பதை அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

வெளியாட்களை அழைப்பதென்றால் உங்கள் மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளருக்கு எழுதுங்கள். நிதிக் கல்வி ஆலோசகர்களை அனுப்புவார்கள், செலவு இல்லை. ஒரே நிபந்தனை போடுங்கள்: அரங்கில் எந்தப் படிவமும் விநியோகிக்கக் கூடாது, கணக்குத் திறப்பு, டீமேட் (பங்குக் கணக்கு), பாலிசி எதுவும் அன்றைக்குக் கிடையாது. இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் பாடம் நடத்த வரவில்லை. டெலிகிராமில் ஆப்ஷன் டிரேடிங் டிப்ஸ் பார்க்கும் மாணவர்கள் நான்கைந்து பேர் எப்படியும் இருப்பார்கள். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டிருந்தார்கள். அவர்களிடம் அந்த எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள், விவாதம் வேண்டாம்.

கணக்கு முடங்கிய பையனைப் பற்றி ஒரு வார்த்தை, அவனுக்கு வகுப்பு தொடங்கும் வரை காத்திருக்க முடியாது. கிளையில் வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பிவரச் சொல்லாதீர்கள். எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், முழுக் கணக்கா இல்லை குறிப்பிட்ட தொகை மட்டுமா என்பதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். சர்ச்சைக்குரிய தொகை 4,000 ரூபாயாக இருக்க, முழுக் கணக்கும் நிற்பது உண்டு. அப்போது மீதியை விடுவிக்கக் கேட்கலாம். கணக்கை உண்மையிலேயே யாரிடமாவது கொடுத்திருந்தால், போலீஸுக்குக் கடிதம் எழுதும் முன் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார், எண் 15100. அதுவரை உதவித்தொகை வருவதற்கு வேறு வங்கியில் ஒரு கணக்குத் திறந்து சீடிங்கை அங்கே மாற்றிக்கொள்ளட்டும், முதலில் அது நடக்கட்டும்.